ஒற்றைக் கைக்கு ஒரு காத்துத் துவக்கு

எங்கடை வளவுக்குள்ளை குரங்கு தனிய வராது, கூட்டமாய்த்தான் வரும். முதல்லை ஒண்டு வந்து வேலிக் கதியாலிலை குந்தியிருந்து, ஆர் வெளியிலை நிக்கினம் எண்டு பாக்கும். பாத்துப்போட்டு ஒரு சத்தம் குடுக்கும். அவ்வளவுதான். பின்னாலை வாறதுகள் தென்னைக்கு ஒண்டாய் ஏறி, குரும்பையிலையிருந்து முத்தின காய் வரைக்கும் கடிச்சுக் கடிச்சு எறியும். தின்னுறதெண்டாலும் மனம் ஆறும். ஒரு தேங்காயை முழுசாய்த் தின்னாதுகள், மூதேவியள். வட்டக்கச்சியிலை இப்ப ஆரைக் கேட்டாலும் இதே கதைதான். வயலுக்குப் பன்றி, கச்சான் கடலைக்கு மயில், தென்னைக்குக் குரங்கு. மனுசருக்கு என்ன மிச்சமெண்டு என்னைக் கேளாதேங்கோ.

முந்தி இதுகளுக்கு என்ரை மனுசன் ஒராள் காணும். றப்பர் இழுத்து அடிக்கிற கெற்றப்போலும் பொக்கற் நிறையக் கல்லுமாய் வெளிக்கிட்டாரெண்டா வளவு துப்புரவாகும். குரங்கிலை ஒருநாளும் அடிக்கமாட்டார். அனுமாரிலை அடிச்ச பாவம் எங்களுக்கு வேண்டாம் எண்டுவார். குரங்கு குந்தியிருக்கிற மட்டைக்குப் பக்கத்து மட்டையிலை கல்லுச் சடாரெண்டு படும். அந்தச் சத்தத்துக்கே விழுந்தடிச்சு ஓடுங்கள். ஊரிலை கனபேர் வந்து, "அண்ணை, எங்கடை வளவுக்கும் ஒருக்கா வாங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு போயிருக்கினம்.

பேந்து பாரிசவாதம் வந்து அவற்றை வலப்பக்கத்தை இழுத்துப் போட்டுது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, தடியோடை நடப்பார். கை வரேல்லை. மடியிலை தூக்கி வைச்சா மடியிலை கிடக்கும். கதையும் கொழகொழப்பு. வயலை வேறை ஆக்களிட்டை விட்டாச்சு, மாடும் குடுத்தாச்சு. அவருக்கெண்டு மிஞ்சினது இந்தத் தென்னை காக்கிற வேலை ஒண்டுதான். காலமை தேத்தண்ணி குடிச்ச கையோடை பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய்த் தென்னைக்குக் கீழை போடச் சொல்லுவார். "நான் இதுகளைப் பாக்கிறன், நீ உன்ரை வேலையைப் பார்" எண்டுவார். அதை அவர் சொல்லேக்கை எனக்கு ஒரு நிம்மதி. வீட்டிலை ஒரு ஆம்பிளை இருக்கிறார் எண்ட மாதிரி.

ஆனா கெற்றப்போலுக்கு ரெண்டு கை வேணுமெல்லோ. மனுசன் தடியாலை ஒரு பழைய தகரத்திலை தட்டிக்கொண்டிருந்தார். நாலு நாள் குரங்கு பயந்தது. பேந்து தகரச் சத்தத்துக்குத் தாளம் போடாத குறை.

ஒருநாள் குசினி யன்னலாலை பாக்கிறன், அவருக்குப் பக்கத்திலை முக்காலியிலை நான் வைச்ச வாழைப்பழத்தை ஒரு கடுவன் வந்து எடுக்குது. வலப்பக்கத்தாலை வந்தது. அந்தப் பக்கத்துக் கை எழும்பாதெண்டு அந்தச் சனியனுக்குத் தெரிஞ்சிருக்கு. எடுத்து, அவருக்கு முன்னாலையே இருந்து உரிச்சுத் தின்னுது. அவர் கத்தேல்லை, என்னைக் கூப்பிடவுமில்லை. தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார். நான் ஒண்டும் காணாத மாதிரி உள்ளுக்குப் போய் நிண்டு அழுதன்.

அண்டைக்குத்தான் முடிவெடுத்தன், இந்த மனுசனுக்கு ஒரு துவக்கு வாங்கிக் குடுக்கிறதெண்டு.

காத்துத் துவக்குத்தான். கமக்காரர் குரங்கு கலைக்க வைச்சிருக்கலாமெண்டு கதை வந்த நேரம். அலைஞ்சு திரிஞ்சு அதுக்குரிய அனுமதியெல்லாம் எடுத்து, கிளிநொச்சி ரவுணிலை இருந்ததுக்குள்ளை மலிவானதை வாங்கிக்கொண்டு வந்தன். மலிவு எண்டா மலிவேதான். பிடி பிளாஸ்ரிக். குறி பாக்கிற தகடு விரலாலை தட்டினா ஆடும். கீழை ஒரு நெம்பு இருக்கு. அதைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காத்தடைக்கவேணும். எவ்வளவுக்கு அடைக்கிறமோ அவ்வளவுக்கு ஈயக்குண்டு விசையாய்ப் போகும்.

முருங்கையிலை பால்மா ரின் ஒண்டைக் கட்டித் தொங்கவிட்டு நான்தான் அடிச்சுப் பாத்தன். முதல் குண்டு எங்கை போனதெண்டு முருகனுக்குத்தான் வெளிச்சம். ரெண்டாவது, ரின்னுக்குக் கிட்ட நிண்ட கோழிக்குக் கிட்டப் போச்சுது. கோழி என்னைப் பாத்த பார்வையிருக்கே! காத்தடைச்சுக் கொஞ்சம் பொறுத்து அடிச்சா "புஸ்" எண்டு வெறுங்காத்து. எங்கையோ ஒழுகுது. மனுசன் கதிரையிலை இருந்து சிரிச்சார். வருத்தம் வந்தாப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரிச்சு நான் கேட்டது அப்பதான்.

எனக்கு மூக்குநுனியிலை கோவம். விடுவனா? வயலுக்கு மருந்தடிக்கிற மெசினைக் கழட்டிப் பூட்டினவள் நான். முதுகிலை கொழுவிக்கொண்டு கையாலை இறைக்கிற அந்த மெசினும் இதுவும் உள்ளுக்கை ஒரே சாதிதான், ரெண்டும் காத்தை அமத்தி வைச்சிருக்கிற வேலை. பொருத்துகளிலை சவர்க்கார நுரையைத் தடவினன், குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடிச்சன். வாசர் ஒண்டு காய்ஞ்சு வெடிச்சிருந்தது. அளவான வாசர் தேடி மாத்தி, தையல் மெசின் எண்ணெய் விட்டு, ஆடின தகட்டை இறுக்கினன். பிறகு ரின்னிலை "டங்" எண்டு பட்டுது. எனக்கு வந்த புளுகத்துக்கு அளவேயில்லை.

துவக்கை அவரிட்டைக் குடுத்தன். அவர் இடக்கையாலை வாங்கி மடியிலை வைச்சார். நெம்பைப் பாத்தார், என்னைப் பாத்தார். ஒரு கை துவக்கைப் பிடிக்கவேணும், மற்றக் கை நெம்பவேணும். ஐயோ, இவ்வளவும் யோசிச்ச எனக்கு இது மண்டையிலை ஏறேல்லையே! உள்ளதும் போச்சுதடா நொள்ளைக்கண்ணா எண்ட கதை. "நான் காத்தடைச்சுத் தாறன், நீங்கள் சுடுங்கோவன்" எண்டன். "அப்ப நீயே சுடு" எண்டார். ஒவ்வொருக்காலும் மனுசியைக் கூப்பிட்டுக் காத்தடைக்கிறவன் என்ன காவல்காரன்? அவர் சொன்னதிலை பிழையில்லை.

அதாலை துவக்கைப் பிடிக்கிறதுக்கு ஒரு மூண்டாவது கை செய்தன். கதிரைக்கு முன்னாலை ஒரு பாலைக் கட்டை நட்டன். பழைய சைக்கிள் ஒண்டின்ரை முன் போர்க்கைக் கழுத்தோடை வெட்டுவிச்சு, தலைகீழாய் அந்தக் கட்டையிலை இறுக்கினன். போர்க்கின்ரை ரெண்டு காலுக்கும் நடுவிலை துவக்கை வைச்சு ரியூப் வாராலை சுத்திக் கட்டினன். இப்ப துவக்கு கட்டையிலை நிக்கும், அவர் இடக்கையாலை நெம்பலாம். சைக்கிள் கைபிடி திரும்புற மாதிரி இஞ்சாலையும் அங்காலையும் திரும்பும். நெம்பு அவருக்குப் பாரமெண்டு அதிலை ஒரு பைப் துண்டு செருகி நீட்டிவிட்டன். ஈயக்குண்டு சிந்தாமலிருக்கச் சோடா மூடி ஒண்டைக் கட்டையிலை அறைஞ்சன். தெருப்பக்கம் திரும்பாதபடி ஒரு ஆணியும் அடிச்சன், போற வாற சனத்திலை பட்டிடக்கூடாதெல்லோ.

கட்டை ஆடிச்சுது. எங்கடை மண் வெறும் மணல், ஒண்டையும் பிடிச்சு வைக்காது. வெறும் உரப்பையளிலை மண்ணை நிரப்பி, வாயைக் கட்டி, கட்டையைச் சுத்தி அடுக்கினன். ஒண்டுக்கு மேலை ஒண்டு, மூட்டு விலத்தி, அரைவட்டமாய், இடுப்பளவுக்கு. அந்த வேலைக்கு எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. இஞ்சை சண்டை நேரம் பங்கர் வெட்டின என்ரை வயசுச் சனம் எல்லாருக்கும் கை தானாய் அடுக்கும். வெயில் படுதெண்டு மேலை நாலு தடி போட்டுக் கிடுகு வேய்ஞ்சன். நிழலாய், வடிவாய் இருந்தது.

அடுத்தநாள் அவர் அதுக்குள்ளை போய் இருந்தார். தானே நெம்பினார், தானே குண்டு போட்டார். குரங்கு வந்து மட்டையிலை குந்தினது. பக்கத்து மட்டையிலை "சட்" எண்டு பட்டுது. முழுக்கூட்டமும் வேலி பாய்ஞ்சுது! மனுசன் என்னைத் திரும்பிப் பாத்தார். கலியாணம் கட்டின புதிசிலை பாத்த அதே எடுப்பு. "தேத்தண்ணி கொண்டு வா" எண்டு அதிகாரமாய்ச் சொன்னார். நானும் ஓடிப்போய் ஊத்தினன். அந்தக் கிழமை முழுக்க எங்கடை வீட்டிலை திருவிழாத்தான்.

பக்கத்து வளவிலை இருக்கிறது மலைநாட்டிலையிருந்து வந்து குடியேறின குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை ஒருநாள் வேலிக்கு மேலாலை எட்டிப்பாத்து, "அக்கா, ரோட்டுல இருந்து அத பாத்தீங்களா?" எண்டு கேட்டா.

"ஏன், என்ன?"

"ஆமிக்காரன் காவல் நிக்கிற சென்றி மாதிரியே இருக்குக்கா. எனக்கே நெஞ்சு திக்குன்னுச்சு. அந்த மூட்டையவாச்சும் எடுத்துருங்க."

"போடி விசரி" எண்டு சிரிச்சன். "குரங்கு கலைக்கிறதுக்கு ஆர் பிள்ளை பயப்பிடப்போகினம்?" ஆனா அவா போனாப் பிறகு படலையைத் திறந்து தெருவுக்குப் போய் நிண்டு பாத்தன். மண் மூட்டை, மேலை கிடுகு, நடுவிலை கறுப்பாய் ஒரு குழல், பின்னாலை ஒரு தலை. நான் அடிச்ச ஆணி தெருவிலையிருந்து பாக்கேக்கை தெரியாது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிஞ்சுது. நாளைக்குக் காலமை மூட்டையளைப் பிரிப்பமெண்டு நினைச்சுக்கொண்டு வந்தால், அவர் கிடுகு நிழலுக்கை இருந்து ஏதோ பழைய பாட்டு முணுமுணுக்கிறார். பிரிக்க மனம் வரேல்லை.

ரெண்டு நாள் கழிச்சு, சோறு வடிச்சுக்கொண்டு நிக்கேக்கை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டுது. படலையடியிலை சீருடையோடை ரெண்டு பேர். ஆரோ தெருவாலை போனவை சொல்லியிருக்கினம். நான் சட்டியை அப்பிடியே வைச்சுப்போட்டு, அலுமாரியைத் திறந்து அனுமதித் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினன்.

அவை ஒண்டும் கத்தேல்லை, ஒண்டையும் நீட்டவுமில்லை. மூத்தவர் துவக்கைக் கண்டதும் அது என்னெண்டு விளங்கிச் சிரிச்சவர். நான் அதைக் கண்ணாலை கண்டனான். ஆனா என்ரை மனுசன் கதிரையை விட்டு எழும்பி நிண்டார். தடி கீழை விழுந்து கிடக்குது. இடக்கையைத் தலைக்கு மேலை தூக்கிப்போட்டார். விரலெல்லாம் விரிச்சு.

"ஐயா, பயம் வேண்டாம். கை கீழ போடுங்கோ" எண்டு மூத்தவர் தனக்குத் தெரிஞ்ச தமிழிலை சொன்னார். "சும்மா பாக்க வந்தது."

அவர் இறக்கேல்லை. தடியில்லாமல் ஆடுறார், விழப்போறார். நான் ஓடிப்போய் வலப்பக்கத்தாலை பிடிச்சன்.

"இஞ்சருங்கோ, அவை ஒண்டும் சொல்லேல்லை. கையை இறக்குங்கோ."

"தூக்கு" எண்டார்.

"என்னத்தை?"

கண்ணாலை தன்ரை வலக்கையைக் காட்டினார். உடம்பு உதறுது. "மற்றதையும் தூக்கு... தூக்கு எண்டுறன்."

ஊரிலை என்ரை வாய்க்குப் பயப்பிடாத ஆக்களில்லை. அரசாங்கக் கச்சேரிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நான் வாயைத் திறந்தா அலுவல் நடக்கும். அண்டைக்கு அனுமதித் துண்டை மூத்தவரிட்டை நீட்டிப்போட்டு மனுசன்ரை பக்கம் திரும்பினன். அவற்றை வலக்கையைப் பிடிச்சு மெல்ல மெல்ல மேலை தூக்கினன். என்ன பாரமப்பா அந்தக் கை! தலைக்கு மேலை கொண்டுபோய்ப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அப்பதான் அவற்றை உதறல் கொஞ்சம் நிண்டுது. இளையவர் எங்களைப் பாக்கேலாமல் மற்றப்பக்கம் திரும்பித் தென்னையைப் பாத்துக்கொண்டு நிண்டார். அவை துண்டைப் பாத்து, துவக்கை வைச்சிருங்கோ, மூட்டையளை மட்டும் எடுத்துப்போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போகுமட்டும் நான் அப்பிடித்தான் நிண்டன்.

பின்னேரம் மூட்டையளை அவிட்டு மண்ணைக் கொட்டினன். கிடுகையும் இறக்கினன். "கட்டை நிக்கட்டும்" எண்டன். "நாளைக்குக் கிணத்தடிப் பக்கமாய் நட்டு, மூட்டையில்லாமல் பூட்டித் தாறன். தெருவுக்குத் தெரியாது."

"வேண்டாம்" எண்டார். "நான் உள்ளுக்கை இருக்கிறன்."

கெஞ்சிப் பாத்தன், ஏசியும் பாத்தன். அசையேல்லை. இப்ப குரங்கு வந்தா நான்தான் குசினியிலையிருந்து ஓடிப்போய்க் கத்துறன். கத்திப்போட்டுத் திரும்பி வந்து பாத்தா, அவர் கட்டிலிலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், ஒண்டும் கேக்காத ஆள் மாதிரி.