பனியனும் பிளாஸ்க் தண்ணீரும்

போன சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில், ஒரு தையல் கடை வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வேண்டும். ஒன்பது மணிதான். அதற்குள் முதுகெல்லாம் வியர்வை.

அப்போதுதான் எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து போன் வந்தது. மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி.

"யாழினிக்குக் கொஞ்சம் தலை சுத்துதாம். பயப்பட ஒன்னுமில்ல. வந்து கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்றார் டீச்சர்.

பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதும் பயப்படாத தாய் எங்கேயாவது இருக்கிறாளா?

யாழினிக்கு ஒன்பது வயது. விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. சனிக்கிழமைதோறும் அணிவகுப்புப் பயிற்சி. அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு என் கணவர் தொலைவில் ரவாங்குக்கு வேலைக்குப் போய்விட்டார். நான்தான் ஓட வேண்டும். ஓடினேன்… ரயிலுக்கு.

கிள்ளானுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கையில் போன், மனதில் பயம் – இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போய் முடியும். "இந்த வெயிலில் பிள்ளைகளை நிற்க வைக்க யார் அனுமதி கொடுத்தது? பதினாறு வயதுப் பெண்ணை நம்பியா நம் பிள்ளைகளை விடுவது?" என்று எழுதி அனுப்பினேன்.

அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் பெயர் திவ்யா. அதே பள்ளியின் முன்னாள் மாணவி. இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு. சனிக்கிழமைகளில் சும்மா வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

ரயில் சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் பத்துப் பதினைந்து தாய்மார்கள் என் பக்கம். ஷா ஆலம் வந்தபோது தலைமையாசிரியையின் பதில் வந்துவிட்டது. பயிற்சி நிறுத்தப்படுகிறது, திவ்யாவும் இனி வரமாட்டார்.

வெற்றி! அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளி நூலகத்தில் பாயில் படுத்திருந்தாள் யாழினி. கழுத்தில் ஈரத்துண்டு. பக்கத்தில் திவ்யா, பழைய நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். குழுவில் நடந்தது அவளுக்குத் தெரியும் போல. கண் சிவந்திருந்தது. ஆனாலும் விசிறுவதை நிறுத்தவில்லை.

"ஆன்டி, பனியன நான்தான் கழட்டுனேன். கோவிச்சுக்காதீங்க," என்றாள்.

நாற்காலியில் தொங்கியது பனியன். பிழிந்தால் ஒரு கிளாஸ் தேறும். வியர்வையை உறிஞ்சட்டும் என்று சட்டைக்குள்ளே நான் போட்டுவிட்டது. அதற்குக் கீழே பவுடர் வேறு.

"தண்ணி குடிச்சாளா?" என்று அதட்டினேன்.

"இப்பக் குடிச்சா ஆன்டி, என் போத்தல்ல. அவ பிளாஸ்க்ல உள்ளத குடிக்க முடியல லா."

பிளாஸ்க்கைத் தூக்கினேன். கனத்தது. மூடியைத் திறந்தேன்…

ஆவி வந்தது.

சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சளி பிடிக்குமே என்று, விடியற்காலையில் எழுந்து, பார்த்துப் பார்த்து நானே ஊற்றியது.

என்ன நடந்தது என்று யாழினியே சொன்னாள். பயிற்சி வெயிலில் இல்லை. மண்டபத்தை ஒட்டிய நிழலில். பத்து நிமிடத்துக்கு ஒரு விசில் – எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஜோடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். யாழினியின் ஜோடி கீர்த்தனாதான் முதலில் கையைத் தூக்கினாளாம். "அக்கா, யாழினி வாயே மூடமாட்டா. இன்னிக்குப் பேசவே இல்ல," என்று.

ஒன்பது வயதுப் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை நிழலில் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, உடம்பைக் குளிர வைத்திருக்கிறது. அப்படியானால் முப்பத்திரண்டு வயதுக்காரி என்ன செய்தாள்?

கிளினிக்கில் டாக்டர் யாழினியைப் பார்த்தார். சரியான நேரத்தில் சரியானதைச் செய்திருக்கிறார்கள், வீட்டில் ஓய்வெடுத்தால் போதும் என்றார். செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பனியனைத் துவைக்கும்போதுதான் என் ஞாபகமெல்லாம் கிளம்பியது.

நானும் அதே பள்ளிதான். அதே திடல். எங்களுக்குப் பயிற்சி சாயங்காலத்தில். என் அம்மாவும் பனியன் போட்டுத்தான் அனுப்புவார். பிளாஸ்க்கில் வெந்நீர்தான். நாலு மணிக்கெல்லாம் வானம் கறுக்கும். காற்றடிக்கும். கொடிக்கம்பத்துக் கயிறு டங் டங்கென்று அடிக்கும். அடுத்த நிமிடம் கொட்டித் தீர்க்கும் மழை! நீல இல்லம், சிவப்பு இல்லம் என்று பிரிந்து நின்ற அணிகளெல்லாம் கலைந்து, கத்திக்கொண்டே கேண்டீனுக்கு ஓடுவோம். நனைந்து நடுங்கும்போது அந்த வெந்நீர்… அடடா, அது அமிர்தம்!

கேண்டீன் அக்காவிடம் ஒல்லியான பிளாஸ்டிக் குழாயில் உறைந்த சிரப் ஐஸ் இருக்கும். பல்லால் முனையைக் கடித்துத் துப்பிவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் உறிஞ்சுவோம். நாக்கு சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மா செய்தது தப்பே இல்லை. அந்தப் பனியன் அந்த மழைக்கு. அந்த வெந்நீர் அந்த நடுக்கத்துக்கு. நான் மழையை விட்டுவிட்டுப் பனியனை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருக்கிறேன்! இப்போதெல்லாம் நாலு மணிக்கு வானத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய சட்டை ஒன்று போதும், குளிர்ந்த தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே திவ்யா குழுவில் எழுதியிருந்தாள். நான் அதற்குக் கட்டைவிரல் படம் கூடப் போட்டேன். பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு!

சாயங்காலம் மறுபடி குழுவைத் திறந்தேன். எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில் பனியனையும் பிளாஸ்க்கையும் சேர்த்து ஒரு படம் எடுத்துப் போட்டேன். கீழே: "தப்பு என்னுடையது. வெந்நீரும் பனியனும் கொடுத்து அனுப்பியது நான். என் மகளைக் காப்பாற்றியது திவ்யாவும் கீர்த்தனாவும். தயவுசெய்து திவ்யாவைத் திரும்பக் கூப்பிடுங்கள்."

நீல டிக்குகள் வரிசையாக வந்தன. பதில் வரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு தாய்: "நானும் பனியன் போட்டுத்தான் அனுப்புறேன்." அடுத்து இன்னொருவர்: "எங்க வீட்ல ரெண்டு." அப்புறம் வெந்நீர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். பால் பொங்கி வழிந்தது. மறுநாள் காலையில்தான் தலைமையாசிரியை எழுதினார் – பயிற்சி தொடரும், அரை மணி நேரம் முன்னதாகவே முடியும், திவ்யாவிடம் தாமே பேசிவிட்டாராம்.

இந்தச் சனிக்கிழமை நானே கொண்டுபோய் விட்டேன். திவ்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் காலணி நுனியைப் பார்த்தபடி, "பரவால்ல ஆன்டி," என்றாள்.

முப்பத்திரண்டு வயதில் ஆன்டி! அதையும் வாங்கிக்கொண்டேன்.

யாழினிக்கு ஒரே ஒரு மெல்லிய சட்டை. போத்தல் நிறையக் குளிர்ந்த தண்ணீர்.

பவுடர் மட்டும்… கொஞ்சமே கொஞ்சம் போட்டுவிட்டேன். அது பரவாயில்லைதானே?