மீனுக்காக எழுதிய கடிதம்

ட்ரவுட் மீனைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கையை ஓடைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும். திரும்ப ஓடையில் விட்டாலும் புண் வந்து செத்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் எங்கள் தோட்டத்துப் பங்களாவுக்கு வந்து தங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண். அன்று பக்தியோடு தலையாட்டினேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அதே ஓடைக்கு மேலே உள்ள மலையில் என் தம்பி எத்தனையோ வருடமாக வெறுங்கையோடு புல்லுக்கு மருந்தடிக்கிறான். அவன் கையில் தோல் உரிவதைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

பொகவந்தலாவையிலிருந்து பஸ் முனகிக்கொண்டே ஏறி, இனிமேல் முடியாது என்று நிற்கிற இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தேன், இன்னமும் லயத்தில்தான் இருக்கிறேன். பழைய பங்களாவை விடுதியாக மாற்றிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகளோடு போய்வர ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லியனுப்பினார். போனேன். வந்தவர்கள் எல்லோருக்கும் ட்ரவுட்தான் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட மீன். பங்களாவுக்குக் கீழே ஓடை வளைந்து ஆழமாகிற மடுவில் இன்னமும் இருக்கிறது.

அதைப் பிடிப்பதற்கு மண்புழு ஆகாது. சின்னக் கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி, பார்த்தால் ஈ மாதிரி இருக்கும்படி கட்டி, அதைத் தண்ணீரின் மேல் பூப்போல இறக்க வேண்டும். அந்தப் பெண் ஊருக்குப் போகும்போது தன்னுடைய பழைய தூண்டில் கம்பை எனக்கே கொடுத்துவிட்டாள். அவள் கொடுத்துவிட்டுப் போன இறகு தீர்ந்ததும், முனியாண்டி பூசைக்கு அறுத்த செவலைச் சேவலின் கழுத்து இறகை எடுத்து நானே ஈ கட்டினேன். மீன் அதற்குத்தான் அதிகமாக வந்தது. பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் முதல் மூன்று மாதம் நான் பிடித்ததெல்லாம் தேயிலைச் செடியைத்தான். முன்னால் வீசுவதற்கு நூலைப் பின்னால் எறிய வேண்டும். எறிந்தால் கொக்கி போய்க் கொழுந்தில் மாட்டும். ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்க வந்த பெண்கள் மேலே நின்று, டீச்சர் ஈ ஓட்டுகிறார்கள் என்று சிரித்தார்கள். காலையில் பெரட்டுக்கு வந்து பேர் கொடுக்காமலே கொழுந்து எடுக்கிறீர்களே என்றாள் ஒருத்தி. சிரிக்கட்டும். ஆனி, ஆடி மழையில் ஓடை கலங்கி ஓடியபோதுகூடக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த ஓடைதான் எங்களுக்குக் குடிதண்ணீர். மடுவுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் தண்ணீரைத் தேக்க ஒரு சின்னக் கட்டு. அங்கிருந்து குழாய் லயத்துத் தொட்டிக்கு வருகிறது. மடுவுக்கு மேலே, ஓடை இறங்கி வருகிற பக்கம், ஒரு பாலம். மருந்தடித்து முடித்ததும் முதுகில் சுமக்கிற மருந்து டேங்குகளை அந்தப் பாலத்தடியில்தான் கழுவுவார்கள். மருந்தடிக்கிற வாரங்களில் குழாய்த் தண்ணீர் வாடை அடிக்கும், பிள்ளைகள் வாந்தி எடுக்கும். அப்போதெல்லாம் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டோரத்து ஊற்றுக்கு ஏறுவார்கள். போகவர ஒரு மணி நேரம். இதைப் பற்றி நான் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, துரை, ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், எல்லோரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள். பார்க்கிறோம்.

மழை ஓய்ந்து மருந்தடிப்பு மறுபடி தொடங்கிய சமயம், ஒரு ஞாயிறு மடுவில் ட்ரவுட்டுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. என்னோடு வந்திருந்த விருந்தாளி ஒருவர், தாடி வைத்த பெரிய மனுஷன், செத்த மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கண் கலங்கினார். எனக்கு மீனின் மேல் பரிதாபம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் பிள்ளைகள் வாந்தி எடுத்தபோது கண் கலங்குவதற்கு எங்கே போயிருந்தார்கள் இவர்களெல்லாம்?

அந்த ஆத்திரத்தில்தான் யோசனை வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து நல்ல ஆங்கிலத்தில் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். டேங்க் கழுவுகிற தண்ணீரால் மடுவில் மீன் சாகிறது, விருந்தாளிகள் இனி வரமாட்டார்கள் என்று எழுதி, விருந்தாளிகளிடம் கையெழுத்தும் வாங்கினேன். தம்பிக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"ஏன்க்கா, நம்ம புள்ளைங்களப் பத்தி ஒரு வரி போடலியா?" என்றான்.

"போட்டா கடுதாசி குப்பைக்குப் போயிரும். மீனுன்னாத்தான் கேப்பாங்க. தண்ணி ஒண்ணுதானேடா" என்றேன்.

கேட்டார்கள். மூன்றாம் நாள் காலைப் பெரட்டில், இனிமேல் பாலத்தடியில் எவனும் டேங்க் கழுவக்கூடாது என்று கண்டாக்கு உத்தரவு போட்டார். பாலத்தில் பலகையும் அடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் போய், இனி ஊற்றுக்கு நடக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரையே பிடியுங்கள் என்று நானே சொன்னேன். டீச்சர் சொன்னால் சரி என்று பிடித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் என் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வாந்தி. முன்பு வந்ததைவிட மோசம். தொட்டியைத் திறந்தேன், மருந்து நெடி மூக்கில் ஏறியது. தம்பி வேலை விட்டு வரும்வரை வாசலில் நின்றேன். வந்ததும், இப்போது எங்கே கழுவுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மடுவுக்குக் கீழ, கட்டுப் பக்கத்துல. அங்க மீன் இல்லன்னு கண்டாக்கு எடம் காட்டுனாரு."

"நம்ம குழாய் அங்கதானேடா இருக்கு?"

"தெரியும்க்கா. நீ எழுதித்தானே மாத்துனாங்க. உனக்குத் தெரியாமயா இருக்கும்னு நாங்க பேசாம இருந்துட்டோம்."

அவனை அடிக்கக் கை வந்தது. யாரை அடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் கையைக் கீழே போட்டேன்.

மறுநாள் துரையிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. மேசை லாச்சியைத் திறந்து என் கடிதத்தை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். "இதுல மீனைப் பத்தி மட்டும்தானே இருக்கு, டீச்சர்" என்றார். படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாத கடிதம். எங்கள் லயம் இருப்பதாக அதில் எந்த வரியிலும் இல்லை.

அன்று சாயங்காலம் மறுபடி வீடு வீடாகப் போனேன். குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டவர்களிடம், நம்மைப் பற்றி நான் எழுதவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாவது கடிதம் எழுதினேன். அதில் மீன் இல்லை, நாங்கள் மட்டும்தான். தம்பியும் மருந்தடிக்கிற மற்றவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. டேங்குகளை இன்னமும் கட்டுப் பக்கத்தில்தான் கழுவச் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவுக்கு இப்போது நான் போவதில்லை. தூண்டில் கம்பு சமையற்கட்டு மூலையில் கிடக்கிறது. மற்றப் பெண்களோடு குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஏறுகிறேன். பாதை மடுவை ஒட்டித்தான் போகிறது. போன வாரம் ஏறும்போது, தெளிந்த தண்ணீரில் முழ நீளத்துக்கு ஒரு ட்ரவுட் துள்ளி விழுந்தது. எனக்குப் பின்னால் வந்தவளுடைய மகன் அன்றோடு நான்காவது நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. அவள் நின்று, குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மடுவைப் பார்த்தாள்.

"ஒங்க மீனு நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள்.