சேனை வைக்காத குழந்தை

எங்கள் சுரங்க ஊரான கோரமண்டல் பக்கம் குழந்தை பிறந்ததும் அத்தைக்காரி சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பாள். சேனை என்போம். என் மகனுக்கு அதை நான் வைக்க விடவில்லை. அங்கே ஆரம்பித்தது வினை.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது என் கணவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். கர்ப்பத்திலேயே மாத்திரை தொடங்கிவிட்டேன். குழந்தைக்கு வராமலிருக்கத் தினமும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும், ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்டர் வேண்டாம் என்றார் என்று, சேனை வைக்க வந்த நாத்தனாரிடம், என் கணவரின் அக்காவிடம், மழுப்பினேன். புருஷனை டி.பி.யில் பறிகொடுத்து எங்களோடு இருப்பவள். முகம் சுண்டிப்போனது.

அன்றிலிருந்து அவள் பார்வையே சரியில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு இல்லாத மருந்து இதற்கு மட்டும் எதற்கு என்று கேட்டாள். சத்து மருந்து என்றேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லைன் வீடுகளில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இவள் வாயைத் திறந்தால் குழாயடியில்கூட என்னை ஒதுக்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சர்க்கரை டப்பாவை மேல்தட்டில் ஏற்றினேன். குளிக்கப் போனாலும் கணவரைக் காவல் வைத்தேன். பெரிய போலீஸ்காரி நான்!

ஒரு நாள் காலை அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தால் குழந்தை அவள் மடியில். வாயில் ஏதோ ஊட்டுகிறாள். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"இன்னா குடுக்குறீங்க அண்ணி?"

சர்க்கரை இல்லை. குழந்தையின் சொட்டு மருந்து.

"டைம் தாண்டிப் போச்சு, நீ எய்ந்துக்கல. நீ குடுக்கிற அளவைத் தெனம் பாத்துக்குனுதான இருக்கேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க வூட்டுக்காரரு வெறும் டி.பி.ல போவலம்மா. நீ ஒளிச்சி வெச்சி சாப்புட்ற மாத்திரை டப்பா எங்க வூட்லயும் இருந்திச்சு."

சேனையைப் பற்றி அவளேதான் சொன்னாள்: குழந்தையின் கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் வைக்கிறேன்.

ஒன்றரை வயதில் அந்த ரிப்போர்ட் வந்தது. குழந்தைக்கு எச்.ஐ.வி. இல்லை. அதற்குள் அவன் எத்தனையோ மிட்டாய் தின்றாயிற்று, இருந்தாலும் சர்க்கரை டப்பாவை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரலை அவன் நாக்கில் வைத்தாள். பயல் முளைத்த பல்லால் நறுக்கென்று கடித்தான். வலிக்குது வலிக்குது என்று அழுதாள், விரலை மட்டும் எடுக்கவில்லை.