முந்தித் தொட்ட கை

தீர்த்தகிரி நீந்தக் கற்றது மலைமேல், அவன் ஊரான புதூர்நாட்டுப் பக்கம் ஒரு வட்டக் கிணற்றில். சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றியே பழகியவன். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது, குளத்தில் கயிறு கட்டி நடத்திய போட்டி ஒன்றில் சேர்ந்தான். பாதி தூரத்தில் தன்னையறியாமல் இடப்பக்கம் வளைந்துபோய்க் கயிற்றில் மாட்டிக்கொண்டான். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவனை நேராக நீந்த வைத்தவன் சனாவுல்லா. வாணியம்பாடிக்காரன், ஒரு வயது பெரியவன். இருவரும் வட ஆற்காடு மாவட்ட அணியில் ஃப்ரீஸ்டைல் நீந்தினார்கள். மூச்சு வாங்கத் தீர்த்தகிரி தலையை முழுசாகத் தூக்குவதையும், வலக்கையை மட்டும் அகலமாக வீசுவதையும் சனாவுல்லாதான் சொல்லிச் சொல்லித் திருத்தினான். நாளைக்குத் தன்னோடு மோதப் போகிறவன் இவன் என்று அவன் யோசித்ததாகவே தெரியவில்லை.

1976இல் மெட்ராஸில் மாநிலத் தேர்வு நடந்தது. நூறு மீட்டரில் முதல் இரண்டு பேர் கல்கத்தாவில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகலாம். முதலிடம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. மெட்ராஸ்காரன் ஒருவன் எல்லோரையும் விட்டு விலகிப் போய்விட்டான். இரண்டாம் இடத்துக்கு இவர்கள் இருவரும் தோளோடு தோளாக வந்தார்கள். கடைசி வீச்சில் தீர்த்தகிரி தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். தன் விரல் படுவதற்கு முன்பே சனாவுல்லாவின் உள்ளங்கை சுவரில் பதிந்திருப்பதைப் பார்த்தான்.

இருவருக்கும் நேரம் பார்த்த கடிகாரங்கள் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. குழம்பிப்போன நடுவர் குனிந்து, யார் முதலில் தொட்டது என்று தீர்த்தகிரியிடம் கேட்டார். சனாவுல்லா தண்ணீர் குடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தான்.

“நான்தாங்க,” என்றான் தீர்த்தகிரி.

சனாவுல்லா திரும்பி அவனைப் பார்த்தான். நடுவர் தீர்த்தகிரியின் பெயரை எழுதிக்கொண்டார். ஊருக்கு வரும் ரயிலில் இருவரும் ஒரே பலகையில்தான் உட்கார்ந்து வந்தார்கள். வாணியம்பாடியில் இறங்கும்போது சனாவுல்லா, வர்றேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வருடம் அவன் போட்டிக்கு வரவில்லை. தோல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

கல்கத்தாவில் தீர்த்தகிரி தன் சுற்றிலேயே கடைசியாக வந்தான். ஆனாலும் அங்கே நீந்திய சான்றிதழ் அவனுக்குப் போலீஸ் வேலை வாங்கித் தந்தது. போலீஸ் போட்டிகளில் வருடா வருடம் பதக்கம் வாங்கினான். எங்கே நீந்தினாலும், சுவரைத் தொட்டவுடன் அவன் பார்வை தானாகப் பக்கத்துத் தடத்தின் சுவருக்குப் போகும். அங்கே ஒரு கை இருக்கிறதா என்று தேடும்.

எட்டு வருடம் கழித்துத்தான் மனைவி அம்சவல்லியிடம் இதைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே சாமையைப் புடைத்து முடித்தாள்.

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அவராண்ட போய்ச் சொல்லுங்க,” என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வாணியம்பாடிக்குப் போனான். சனாவுல்லாவுக்கு உடம்பு பருத்திருந்தது. நகக்கண்களில் தோல் சாயம் ஏறியிருந்தது. அவன் மனைவி அமீனா டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வழியெல்லாம் யோசித்து வைத்ததை எல்லாம் மறந்து, தீர்த்தகிரி நடந்ததை நாலு வார்த்தையில் சொல்லி முடித்தான்.

“தெரியும். நான் தொட்டது எனக்குத் தெரியாதா?” என்றான் சனாவுல்லா.

“அப்ப ஏன் சொல்லல பாய்?”

“நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். ரயில்ல வரும்போதுகூட அப்படித்தான் நெனச்சினு வந்தேன்.”

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. சனாவுல்லாதான் அடுத்துக் கேட்டான்.

“கல்கத்தாவுல தண்ணி எப்படி இருந்துச்சு?”

தீர்த்தகிரி சொல்லத் தொடங்கினான். தண்ணீரின் குளிர்ச்சி, குதிக்கும் மேடையின் உயரம், பஞ்சாபிலிருந்து வந்த நெட்டையான பையன்கள். சனாவுல்லா நடுநடுவே நிறுத்தி, ஆழம் எவ்வளவு, திரும்பும் இடத்தில் சுவர் வழுக்கியதா என்றெல்லாம் கேட்டான். நீந்தியது ஒரு நிமிடமும் சில விநாடிகளும்தான். சொல்லி முடிக்க ஒரு மணி நேரமானது.

மன்னித்துவிட்டேன் என்று சனாவுல்லா சொல்லவில்லை. தீர்த்தகிரியும் கேட்கவில்லை. அடுத்த பலாப் பருவத்தில் மலையிலிருந்து ஒரு பழத்தைச் சுமந்துகொண்டு மறுபடி போனான். சனாவுல்லா வாசலுக்கு வந்து அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.