பாதைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவள்

சினிரா என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரரின் தம்பி பெனிக்கு வாழ்க்கைப்பட்டு, இருபது வயதில் எங்கள் ஊருக்கு வந்தாள். சவாயி தீவின் இந்தப் பக்கத்தில் அவளைவிட வேகமாகத் தாழம்பாய் முடைகிறவள் கிடையாது. அவளைவிடச் சத்தமாகச் சிரிக்கிறவளும் கிடையாது. கோயிலில் போதகர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிடுவாள். நான் அவள் தொடையில் கிள்ளுவேன். அதற்கும் சேர்த்துச் சிரிப்பாள்.

ஆறு பிள்ளைகள். நான்கு பேர் ஆக்லாந்தில், ஒருவன் பிரிஸ்பேனில், கடைசிப் பெண் பக்கத்து ஊரில். பெனி அதிகம் பேசமாட்டான். விடிந்தால் சேம்புத் தோட்டம், சாயங்காலம் தூண்டில். குடிக்கிறவனில்லை, அடிக்கிறவனில்லை. சாவு விழவில்லை, புயல் வீட்டைத் தூக்கவில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நாங்கள் காரணம் தேடித் தேடிப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. முடைந்துகொண்டிருந்த பாயைக் கீழே வைத்தாள். தூணுக்குப் பக்கத்தில் போய், பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூணும் கூரையும்தான். கதவைச் சாத்திக்கொள்ள வழியில்லாததால், தனியாக இருக்க வேண்டும் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் பார்த்தவுடன் புரிந்துவிடும். சினிராவுக்கு முசூ.

முசூ என்றால் மனசு எதற்கும் ஒப்பாமல் நின்றுவிடுவது. வேலைக்கு ஒப்பாது, பேச்சுக்கு ஒப்பாது, சாப்பாட்டுக்கு ஒப்பாது. கோபம் என்றும் சொல்ல முடியாது, துக்கம் என்றும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் வருவதுதான். என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் எனக்கு மாதம் ஒரு தடவை வந்தது. முசூவில் இருப்பவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இரண்டு நாளோ ஒரு வாரமோ கழித்து அவரே எழுந்து முற்றத்தைப் பெருக்குவார். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம்.

நாங்களும் கேட்கவில்லை. ஒரு வாரம் கேட்கவில்லை. ஒரு மாதம் கேட்கவில்லை. மழைக்காலம் முடிந்து, வெயில்காலமும் போய், மறுபடி மழை வரப்போகிற நேரத்திலும் கேட்கவில்லை. எங்களை மாதிரி மரியாதை தெரிந்தவர்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள்?

நடுவில் ஒரு நாள் பெனி என் சமையல்கட்டுக்கு வந்து நின்றான்.

"அண்ணி, இன்னிக்கும் சாப்பிடல."

"என்ன வச்சே?"

"சீமைப்பலா சுட்டு வச்சேன். தேங்காப்பால் ஊத்தின கீரை. டின் கறி."

"டின் கறியையா வேணாங்கிறா? அப்போ நெஜமாவே பெரிய முசூதான்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டே நின்றான்.

"நான் கேட்டுப் பாக்கட்டுமா அண்ணி?"

"எதை?"

"என்னன்னு."

"உனக்கென்ன கிறுக்கா? முசூல இருக்கிறவகிட்டப் போய்க் கேக்கறதா? நீ என்ன வெள்ளைக்காரனா? போ, போய்ச் சேம்புக்குக் களை எடு."

போய்விட்டான். அவன் கேட்க வந்தான், நான்தான் தடுத்தேன். இதை வேறு யார்மேலும் போட முடியாது.

நவம்பரில் அவர்கள் மூத்த பெண் சலோமே ஆக்லாந்திலிருந்து வந்தாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பெனி அனுப்பிய போட்டோவில் அம்மாவின் தோள் எலும்பைப் பார்த்துவிட்டு லீவு போட்டு வந்திருக்கிறாள். வந்த நான்காம் நாள் எங்கள் மாதர் கமிட்டிக் கூட்டம். மாதம் ஒருமுறை நாங்கள் விசில் ஊதிக்கொண்டு வீடு வீடாகப் போய் படுக்கை விரிப்பு, கோப்பை, கக்கூஸ் எல்லாம் சுத்தமா என்று பார்ப்போம். பிறகு உட்கார்ந்து பேசுவோம். போதகரம்மா தலைவி, நான் செயலாளர். அந்தக் கூட்டத்தில் சலோமே எழுந்து நின்றாள்.

"அம்மாவுக்கு வந்திருக்கிறது முசூ இல்ல. வியாதி. மனச்சோர்வு வியாதி. கப்பல்ல அந்தப் பக்கத் தீவுக்குப் போனா, அபியா பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார். கூட்டிட்டுப் போகணும்னு சொன்னா அப்பா உங்களைக் கேக்கச் சொல்றார்."

போதகரம்மா பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அது கரண்ட் பில்லுக்கும் வாடகைக்கும் ஓடுறவங்களுக்கு வர்ற வியாதிம்மா. ஆக்லாந்துல இருக்கும், நான் இல்லேங்கல. கடலும் சேம்பும் இருக்கிற இடத்துல அது எங்கேர்ந்து வரும்?"

"எல்லாம் போன் வந்தப்புறம்தான்" என்றாள் கடைக்காரி பெலெ. "நாள் பூரா அந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டிருந்தா மூளை என்னத்துக்கு ஆகும்?"

"அம்மாகிட்ட போனே கிடையாது."

"வச்சிருக்கிறவங்க பக்கத்துல இருந்திருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். சலோமே சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"அப்போ அந்தக் காலத்துல யாருக்குமே இது இருந்ததில்லையா? பெரியம்மா, நீங்க சொல்லுங்க."

கூட்டத்தில் என்னைவிட மூத்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் காது கேட்காது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க காலத்துல இப்படி ஒரு வியாதியே கிடையாது" என்றேன். சொன்னதோடு நிற்காமல் கமிட்டி நோட்டிலும் எழுதினேன்.

பொய். எனக்கு ஒரு சித்தி இருந்தாள். நவோமி. என் அம்மாவின் தங்கை, கல்யாணமாகாதவள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு வருஷம் அப்படியே இருந்தாள். ஒரு மத்தியானம், கடல் வற்றிய நேரத்தில், எழுந்து பவளத்திட்டுப் பக்கம் நடந்து போனாள். எழுந்துவிட்டாளே என்று அம்மா சந்தோஷப்பட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிப்பி பொறுக்கப் போன இடத்தில் கடல் இழுத்துவிட்டது என்று அடக்கத்தில் சொன்னார்கள். சிப்பி பொறுக்கப் போகிறவள் கூடை எடுத்துக்கொண்டு போவாள். அவள் கூடை சமையல்கட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். ஐம்பது வருஷமாகச் சிப்பி என்றே சொல்லிச் சொல்லி, எனக்கே அது நடந்ததாக ஆகிவிட்டது.

நவோமி சித்தி போனைக் கண்டவள் இல்லை. அப்போது ஊரில் கரண்டே இல்லை. அந்த வியாதிக்குப் பெயர்தான் ஆக்லாந்திலிருந்து வந்தது, வியாதி எங்கள் வீட்டிலேயே இருந்தது. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். எப்போதும் தெரியும். தெரிந்ததை எடுத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் சினிரா வீட்டுக்குப் போனேன். அவள் பக்கத்தில், நானும் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னால் பேசிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டு போனது கேட்டது. எனக்கு வாய் வரவில்லை. கக்கூஸ் கழுவவில்லை என்று ஊரையே அதட்டுகிற வாய் இது.

கடைசியில் கேட்டேன். "என்னடி ஆச்சு உனக்கு?"

அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

"தெரியலக்கா" என்றாள். குரல் துருப்பிடித்திருந்தது.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"பெனி?"

"அவர் பாவம்."

"பிள்ளைங்க நெனப்பா?"

"நெனப்பு வந்தாத்தான் தேவலையே. பேத்தி பொறந்திருக்கான்னு போட்டோ காட்டினார். யாரோ ஒரு குழந்தை. கூட்டத்துல ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்காந்தா கால் மரத்துப்போகும்ல, தொட்டா நம்ம கால் மாதிரியே இருக்காதே, அப்படி. எல்லாமே அப்படித்தான் இருக்கு."

"அழணும்போல இருக்கா?"

"அழுகை வந்திருந்தா எந்திரிச்சிருப்பேன்."

அடுத்ததைக் கேட்கத்தான் நான் வந்தேன். கேட்காமல் எழுந்து போய்விடலாம் என்றும் இருந்தது.

"கடல் பக்கமா போயிடலாம்னு தோணுதா?"

முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். கண்ணைப் பார்த்தேன். அதில் பயம்கூட இல்லை.

"தோணுது. எந்திரிக்கத்தான் முடியல. அதுக்கும் முசூவா இருக்கு" என்றாள். பழைய சினிரா இதைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

நவோமி சித்தியைப் பற்றிச் சொன்னேன். கூடையையும் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாதது. சொல்லும்போது என் குரல் கமிட்டி நோட்டைப் படிக்கிற மாதிரி இருந்தது.

"அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. மரியாதையா இருந்தோம்."

அவள் மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டாள். கோழி ஒன்று தட்டில் இருந்ததைக் கொத்திக்கொண்டிருந்தது. அதை அவள் விரட்டவில்லை, நானும் விரட்டவில்லை.

"கப்பல்துறைக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பஸ்ஸில் இடமில்லை. இடமில்லாவிட்டால் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்காருவது எங்கள் வழக்கம். சினிரா என் மடியில் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அவள் உட்கார்ந்தால் என் கால் ஒடிந்துவிடும், எழுந்திருடி மாடே என்று கத்துவேன். இப்போது துவைத்த துணி மூட்டையை வைத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. பெனியும் சலோமேயும் பின்னால் நின்றார்கள்.

எதிர் சீட்டில் வேறு ஊர்க்காரி ஒருத்தி, சேம்புக் கூடையோடு. நல்ல தாட்டியான பெண். ஏறியதிலிருந்து பஸ்ஸையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். டிரைவரின் வழுக்கை, டிரைவரின் பாட்டு, டிரைவரின் மாமியார், எதையும் விடவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா பயணம்?"

"அபியாவுக்கு. இவளுக்குப் பல்லு வலி" என்றேன். நான் யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு அதுவாகவே சொன்னது.

"பல்லு இல்ல" என்றாள் சினிரா. ஜன்னலைப் பார்த்தபடியே, உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "மனசு. ஏழு மாசமா ஒண்ணுமே தெரியல. அதுக்கு ஒரு டாக்டர் இருக்காராம்."

சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கம்தான், வேறென்ன. அந்தச் சேம்புக்காரி அதன் பிறகு கப்பல்துறை வரை வாயைத் திறக்கவில்லை. போதகரம்மா காதுக்கு இது எப்போது போகும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள்தான்.

"அந்த டாக்டர் பேர் என்ன?" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். சலோமேயைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னேன்.

"என்னைக்கெல்லாம் பாப்பார்?"

அதையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இதற்கு மேல் நான் கேட்கக் கூடாது. கேட்காமல் விடுவதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. கப்பலுக்கு மணி அடித்துவிட்டது, பெனி கையை ஆட்டிக் கூப்பிடுகிறான்.

"யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

அவள் கூடையை இறக்கித் தரையில் வைத்தாள்.

"எனக்குத்தான்" என்றாள்.