பதினான்கு கிலோ வேண்டுதல்

சேந்தமங்கலம் ஜவ்வரிசி மில்லில் இருபது வருடம் மூட்டை சுமந்தவள் கண்ணாத்தாள். வயிற்று ஆபரேஷனில் பிழைத்து எழுந்தால், மலைக்கோயில் அன்னதானச் சாமானை எல்லாரோடும் சரிசமமாகச் சுமந்து ஏறுவதாக அம்மனுக்கு வேண்டியிருந்தாள்.

தீவனக் கம்பெனியில் லாரிகளுக்கு லோடு பிரிக்கும் அறிவுச்செல்விதான் இந்த வருடம் சாமான்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றின் எடையையும் எக்செல்லில் போட்டு, தன்னையும் சேர்த்து மலையேறும் ஆறு பேருக்கும் ஆளுக்குப் பதினான்கு கிலோ என்று பட்டியல் கொடுத்திருந்தாள்.

கண்ணாத்தாள் தன் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கூடையைத் தூக்கினாள். முகம் சுருங்கியது.

“ஏன் செல்வி, எம்பட கூடையில பதினாலு இருக்குதா?”

“கம்ப்யூட்டரு பிரிச்சதுங்கக்கா. அதுக்கு ஆளு தெரியுமா, மூஞ்சி தெரியுமா?”

“அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமல்ல?”

அறிவுச்செல்வி போனை நோண்டினாள். கண்ணாத்தாள் கூடையை அடிவாரத்து மளிகைக்கடைத் தராசில் ஏற்றினாள். ஒன்பது கிலோ காட்டியது.

“ஆபரேஷன் பண்ணுன ஒடம்புங்கக்கா. அஞ்சு கிலோ வெல்லத்தைப் பட்டியல்ல உங்க பேருல போட்டுட்டு, என் கூடையில வெச்சுக்கிட்டேன்.”

“என்னைய ஏமாத்துனாப் போவுது. வேண்டிக்கிட்டது ஆத்தாகிட்டயல்ல கண்ணு?”

வெல்லத்தை வாங்கித் தன் கூடையில் வைத்து, இன்னொரு முறை தராசில் ஏற்றிப் பார்த்த பிறகே கண்ணாத்தாள் மலைப்பாதையில் கால் வைத்தாள்.