மியோத்ராக்கிடம் மிஞ்சிய சொற்கள்

செர்பியாவில் ஸ்ரென்யானின் என்ற ஊரில் பால் லாரி ஓட்டியவன் மியோத்ராக். சாயங்காலமானால் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கராத்தே மாஸ்டர். ஜப்பான் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அவனுக்குத் தெரிந்த ஜப்பானியம் பயிற்சிக்கு வேண்டிய சொற்கள்தான்: ஆரம்பி, நிறுத்து, திரும்பு, வணங்கு. அதை வைத்துக்கொண்டே முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளை ஆட்டிவைத்தான்.

வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும். "தெரியாத பாஷையில ஊருக்கே கேக்குற மாதிரி கத்துற. தெரிஞ்ச பாஷையில என்கிட்ட நாலு வார்த்தை பேசினா வாயில இருக்குற முத்து உதிர்ந்துடுமா?" என்பாள் மனைவி தெசாங்கா. அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தை இழுத்துக்கொண்டது. செர்பிய மொழி மொத்தமும் போயிற்று, பெண்டாட்டி பெயர் உட்பட. ஆஸ்பத்திரியில் அவள் சூப் ஊட்டியபோது, போதும் என்பதற்கு, கராத்தே வகுப்பில் சொல்கிற மாதிரி "யாமே" என்றான். மனப்பாடமாக ஏறியது சில சமயம் தப்பித்துக்கொள்ளும் என்றார் டாக்டர். இத்தனை வருடக் குடித்தனம் மனப்பாடமாக ஏறவில்லை போலிருக்கிறது.

தெசாங்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மருந்துக்கடை வைத்திருக்கும் அவனுடைய பழைய மாணவன் வெலிமிரைக் கூப்பிட்டு அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டாள். அதைப் பிடித்துக்கொண்டாவது அவனுக்குப் பேச்சு திரும்பவேண்டும். ஒரே ஒருமுறை தன் பெயரை அவன் சொல்லவேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ஹஜிமேன்னா ஆரம்பி. யாமேன்னா நிறுத்து, அக்கா. மாஸ்டர் யாமே சொல்லாம நாங்க யாரும் நிறுத்தினதில்ல. காலு கழண்டு விழுந்தாலும் சரி."

"மோ இச்சிதோன்னு ஒண்ணு கத்துவாரே?"

"இன்னொரு தடவைன்னு அர்த்தம். அத வாங்கினா சந்தோஷப்படணும். இவன் தேறமாட்டான்னு முடிவு பண்ணிட்டா மாஸ்டர் அதச் சொல்லமாட்டார். பேசாம விட்டுடுவார்."

அன்றிலிருந்து வீட்டில் ஜப்பான் ஆட்சி. "மாவாத்தே" என்றால் முதுகு துடைக்கத் திரும்பிப் படுப்பான். "ஹஜிமே" என்றால் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். "தெ-சாங்-கா, சொல்லு" என்றால் மட்டும் வாய் கோணும், வெறும் காற்று வரும்.

குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டு வைக்கிற நாள் வந்தது. காலையில் ஹஜிமே சொல்லிவிட்டுக் கொல்லைப்புற அடுப்புக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்து, மருமகள் கதையை அவிழ்த்துவிட்டாள். மிளகாயெல்லாம் சுட்டு முடித்து உள்ளே வந்தால், மியோத்ராக் இன்னும் நடந்துகொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் வெளுத்து, வலக்கால் தரையில் இழுபட்டது. அவள் யாமே சொல்ல மறந்திருந்தாள்.

"யாமே!" என்று அலறினாள். நின்றான். சுவரில் சாய்ந்தபடி தலை குனிந்து வணங்கினான்.

ஆத்திரமும் பயமும் சேர்ந்து அவளை உலுக்கின. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மடையா, நான் சொல்லலைன்னா சாகுறவரைக்கும் நடப்பியா? என்னால முடியல மியோத்ராக். நீ என் பேரச் சொல்லவே போறதில்ல. நான் விட்டுட்டேன். தெசாங்கா, தெசாங்கான்னு பைத்தியக்காரியாட்டம் என் பேர நானே சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

அவன் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு இடக்கையால் அவளைச் சுட்டினான்.

"மோ இச்சிதோ."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். அவனுக்கு எதிரே போய் நேராக நின்று, "தெ-சாங்-கா" என்றாள்.